கேரம் பலகை மேல் ஒரு கிடங்கு

கேட்டில் தினமும் இரண்டு கையையும் தூக்குகிறேன்.
குரியன் சட்டைப் பையைத் தட்டிப் பார்க்கிறார்.
பீடி, லைட்டர், செல்போன், தீப்பெட்டி
எதுவும் உள்ளே போகக் கூடாது.
இருபத்தோரு வருஷமாக என்னிடம் எதுவும் இல்லை.
இருந்தும் தட்டுகிறார்.

வீட்டில் என்னிடம் நாற்பத்திரண்டு தீப்பெட்டி.

ரெஜினா நைட் டூட்டிக்கு வெலிங்டன் பஸ் ஏறியதும்
கட்டிலுக்கடியிலிருந்து கேரம் பலகையை இழுப்பேன்.
நாலு குழியில் ஒன்று கிணறு,
ஒன்று சுரங்க வாய்,
மற்ற இரண்டையும் அடைத்துவிட்டேன்.
சிவப்புக் காய் வைக்கும் வட்டத்தைச் சுற்றி
ஒன்பது மில்லி அகலத்தில் தண்டவாளம்.
அடிக்கு இரண்டு மில்லி.
அந்தக் கணக்கில் ஒரு தீப்பெட்டி
இருபத்தைந்தடி நீளக் கிடங்கு;
ஜன்னல் கிடையாது, கதவு ஒன்றே ஒன்று.

அட்டைப்பெட்டியை நனைத்து மேல்தோலை உரித்தால்
நெளிநெளியாகத் தகரக் கூரை.
மளிகைக்கடைக் காலண்டரின் அட்டை பாரக் சுவர்;
அச்சடித்த பக்கம் உள்ளே போனதால்
லட்சுமி சிப்பாய்களின் கட்டில்களைப் பார்த்தபடி
யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள்.
ஊசிமருந்துக் குப்பி தண்ணீர்த் தொட்டி.
உப்புத்தாள் பரேடு மைதானம்.
வடிகட்டிக் காயவைத்த தேயிலைச் சக்கை மண்;
இந்த ஊரில் மண்ணைவிட அது மலிவு.
கிடங்குகளைச் சுற்றி மேடு எழுப்ப
ஆஸ்பத்திரியில் தேதி முடிந்த மாவுக்கட்டுத் துணி.
வெடித்தால் வானத்தைப் பார்த்து வெடிக்கட்டும்,
பக்கத்துக் கிடங்கைப் பார்க்க வேண்டாம்
என்பதற்காகத்தான் மேடு.
எலும்பு சேர வைத்திருந்த துணி அது.

ஜெகதளா போஜன் ஒருநாள் வந்து குனிந்து பார்த்தான்.
"நம்ம ஃபேக்டரியா?"
குரல் தானாகவே இறங்கியிருந்தது.
இல்லை என்றேன்.
பாலம் இடப்பக்கம் பார், புகைபோக்கியே இல்லை பார்.
"அப்ப எந்த ஊரு?"
எந்த ஊரும் இல்லை.
பலகையை ஒரு சுற்று சுற்றி வந்து
காவலாளிகளை எண்ணினான். பதினொன்று.
"இல்லாத ஊருக்கு இத்தனை பாராவா?"

பாராக்காரன் என்றால் பல்குச்சித் துண்டு,
தலைக்கு ஒரு கடுகு.

ஜூலையில் மேகம் வீட்டுக்குள் வந்து படுத்துக்கொள்ளும்.
அட்டை அதைக் குடிக்கும்.
பாரக் வயிறு தள்ளி நின்றது.
கார்டு ரூம் தண்டவாளத்தின் பக்கம் சாய்ந்து
ரயிலிடம் ஏதோ கேட்பதுபோல் இருந்தது.
உள்ளே குடைக்கம்பி வெட்டி முட்டுக்கொடுத்தேன்,
வார்னிஷ் இரண்டு பூச்சு.
பெயிண்ட் அடிக்க மறந்த ஒரு காவலாளிக்குத்
தலை பச்சையாக முளைத்துவிட்டது.
அவனை மட்டும் மாற்றவில்லை.

மேட்டைச் சரிசெய்யத் தூக்கியபோதுதான்
மூன்றாம் கிடங்குக்குள் ஏதோ குலுங்கியது.

மறுபடி குலுக்கினேன்.
ஒரு குச்சி.
பெட்டியைக் காலி செய்யும்போது
மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கும்.
இப்போது நாலு பக்கமும் ஃபெவிகால்,
மேலே கூரை, வார்னிஷ்,
சுற்றி மாவுக்கட்டு, அதன்மேல் தேயிலை.
எடுக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டும்.
மருந்து பக்கம் கதவைப் பார்த்திருக்கிறதா,
சுவரைப் பார்த்திருக்கிறதா, தெரியாது.
எதுவும் ஆகாது. எனக்குத் தெரியாததா?
அந்தக் குச்சியின் வயதுக்கும் இந்த ஈரத்துக்கும்
உரசினால்கூடப் பிடிக்காது.

மறுநாள் குரியன் தட்டிவிட்டு
"போ" என்றார்.
நான் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனேன்.

ஐஸ்க்ரீம் குச்சியில் நகப்பூச்சு வைத்து
'மெதுவாக' என்று எழுதி
மூன்றாம் கிடங்குக்கு முன்னால் நட்டேன்.
எஞ்சின் மூன்று வேகனோடு அங்கே வரும்போது
என் கட்டைவிரல் திருகியைத் தானே குறைக்கிறது.

லீவு நாளில் டீயோடு பார்த்துக்கொண்டிருந்த ரெஜினா கேட்டாள்:
"என்ன, பேட்டரி போயிடுச்சா?"