வளைவுகளில் படிப்பதில்லை

ஏற்காடு கிளைக்கு மாற்றலாகி எட்டு மாதம்.
காலை ஏழு பத்து பேருந்து.
அடிவாரம் தாண்டியதும் நாவலைத் திறப்பேன்.
கொண்டை ஊசி வந்தால்
விரலை நடுவில் வைத்து மூடிவிடுவேன்.
இருபது வளைவு, இருபது மூடல்.
இடையில் கிடைக்கும் ஒன்றரை ஒன்றரைப் பக்கமாகத்தான்
படித்து முடித்தேன் அதை.

ஒரு சர்வேயர்.
மனைவி செத்து ஆறு வருடம் ஆகியும்
வீட்டு வரி ரசீதை அவள் பெயருக்கே வரவிடுகிறார்.
அவ்வளவுதான் கதை.
பாதிவரை எரிச்சல், மறைக்க மாட்டேன்.
எழுதியவருக்கு மழை பிடிக்கும் போல,
தேவைக்கு மேல் பெய்கிறது.
ஆனால் ஒரு நாள், பதினான்காம் வளைவுக்கு முன்
அவர் சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்து
தன் வீட்டு வாசலையே அளக்கத் தொடங்கினார்.
அன்று நான் மூடவில்லை.
குமட்டியது.
பக்கத்து இருக்கை சேர்வராயன்
ஒன்றும் கேட்காமல் எலுமிச்சம்பழம் நீட்டினார்.
கடித்துக்கொண்டே படித்தேன்.
அந்தப் பக்கத்தை நினைத்தால்
இப்போதும் பல் கூசுகிறது.

படம், ஐந்து ரோடு பக்கம், ஞாயிறு மதியக் காட்சி.
என்னையும் சேர்த்துப் பதினோரு பேர்.
ஏசி இடைவேளை வரைக்கும்தான்.
கதாநாயகன் அழுதபோது
அவனுக்காக வயலின்களே அழுது தீர்த்துவிட்டன,
எனக்கென்று மிச்சம் வைக்கவில்லை.
எனக்குப் பிடித்தவள் வேறொருத்தி.
காவல் நிலையக் காட்சியில் பின்னால் நிற்கிறாள்,
புகார் கொடுக்க வந்தவள், வசனம் கிடையாது.
அவன் நீதியைப் பற்றி முழங்கி முடிக்கும்வரை
திரும்பித் திரும்பி வாசலைப் பார்க்கிறாள்,
விட்டுவந்த செருப்பு இருக்கிறதா என்று.
யாரோ சொல்லிக் கொடுத்ததா,
அவளுக்கே தோன்றியதா?
பெயர்ப் பட்டியலில் தேடலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.
விளக்கைப் போட்டுவிட்டார்கள்.
துடைப்பத்தோடு ஒருவர் வந்து
என் காலடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாடகத்துக்குக் கூட்டிப் போனது காசாளர் ஜெசிந்தா.
அஸ்தம்பட்டியில் ஒரு பள்ளி அரங்கு,
பிளாஸ்டிக் நாற்காலி, கொசு.
மேடையில் ஒரு கதவு. சுவர் இல்லை.
இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தங்கை,
நடுவில் அம்மாவின் வெள்ளிக் கொலுசு பங்கான கதை.
அக்கா தட்டுகிறாள்.
தங்கை திறக்கவில்லை.
ஒரு மணி பத்து நிமிடம்.

“செவுருதான் இல்லையே, சுத்திக்கிட்டுப் போலாம்ல?”
முன்வரிசையில் ஒரு பையன் உரக்கவே கேட்டான்.
எல்லோரும் சிரித்தோம்.
தட்டியவள் சிரிக்கவில்லை.
அவனைப் பார்த்தாள்.
கதவின் ஓரம்வரை நடந்தாள்.
ஒரு காலைத் தூக்கினாள்.
வைக்கவில்லை.
பழைய இடத்துக்கே வந்து
மறுபடியும் தட்டினாள்.

அது எழுதி வைத்ததில்லை.
மறுநாளும் போனேன், அதனால் தெரியும்.
பையன் வரவில்லை, அவள் ஓரத்துக்குப் போகவில்லை.
நாடகம் பிசகில்லாமல் நடந்தது.
எனக்குப் போதவில்லை.

முடிவு ஏமாற்று என்கிறாள் ஜெசிந்தா,
திறந்திருக்க வேண்டுமாம்.
தட்டு வடை செட் ஊறிப்போகும்வரை
சண்டை போட்டோம்.
ஐந்துக்கு எத்தனை தருவாய் என்றார் மேலாளர்.
நாளெல்லாம் எண்களோடுதான் இருக்கிறேன்,
இதற்கு மட்டும் ஒன்றும் வாயில் வரவில்லை.
“நல்லா இருந்துச்சு சார்” என்றேன்.

குகையில் என் அக்கா இருக்கிறாள்.
அதைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.

நாளைக்குப் புதுப் புத்தகம், நூலகத்தில் எடுத்தது.
பதினோராம் பக்க ஓரத்தில்
யாரோ பென்சிலால் “பொய்” என்று எழுதி
இரண்டு கோடு போட்டிருக்கிறார்கள்.
இருக்கட்டும்.
எட்டாவது வளைவு வரட்டும்,
நானும் பார்த்துச் சொல்கிறேன்.