பின்னிருக்கை

ஒன்பது மாடி அலுவலகம், அடிஸ் அபாபா.
நான்காவதில் நீர்ப்பிரிவு.
கிணறு பதினேழில் ஃபுளோரைடு மிஞ்சியதென்று
பெசாவிட் எழுதிய அறிக்கை
பொதுக் கோப்புறையில் கிடக்கிறது.
மூன்று முறை திறந்திருக்கிறார்கள்;
மூன்றும் அவளேதான்.

ஆறாவதில் சுகாதாரம்.
அதே ஊர்ப் பிள்ளைகளின் பல்லில்
ஏனிந்தப் பழுப்பு என்று கண்டுசொல்ல
ஆலோசகர் தேவை. விளம்பரம் தயார்.

இரண்டு பிரிவுக்கும் வண்டி ஒன்றுதான்,
செவ்வாய்கள் வேறு.
ஓட்டுநர் கிசாச்சுவை
எந்தக் கூட்டத்துக்கும் யாரும் கூப்பிட்டதில்லை.

போன வாரம், மேடு இறங்குகையில்
இருக்கைக்கடியிலிருந்து உருண்டு வந்த பாட்டிலை
டாக்டர் வொண்டிமு திறந்து
வாயருகே கொண்டுபோனார்.

பிரேக்.
பின்னால் நீண்டது கிசாச்சுவின் கை.
"அது பதினேழு, டாக்டர்."

"என்ன பதினேழு?"