கடைசிப் பாகம்

ஷார்ஜா, ரோலா. எட்டாவது மாடி.
மூன்று மேலே மூன்று கீழே ஆறு படுக்கை,
கரப்பான் மருந்து வாசம்,
யாரோ ஊருக்குப் போகும்போது விட்டுப்போன தொலைக்காட்சி.
திரையில் நெடுக்காக ஒரு பச்சைக் கோடு.
பழகிவிட்டது.

சனிக்கிழமை சமையல்முறை ஜெபமணிக்கு.
சாளைக் குழம்பு கொதிப்பதற்குள்
திரையில் ஒருவன்
ஒரு விதவையின் வீட்டை எழுதி வாங்கிவிடுகிறான்.
எந்நேரமும் மழை பெய்யும் ஏதோ ஓர் ஊர்.
அங்கே யாருமே விளக்குப் போடுவதில்லை.

"பாருங்கண்ணே, பேனாவ அவளே தேடி எடுத்துத் தர்றா!"
வதூதின் குரலில் கோபம் இல்லை.
நல்ல பந்தில் ஸ்டம்பு பறந்தால்
எதிரணிக்காரனுக்கும் வருமே, அது.

வதூதிடம் இரண்டு லட்சத்து முப்பதாயிரம் வாங்கியவன்
திருச்சியில் ஏசி அறை வைத்திருந்தான்,
மேசையில் ஓர் உலக உருண்டை.
"ஒரு சுத்து சுத்திவிட்டான்ணே. நின்ன இடம் துபாய்."
ஸ்டோர் கீப்பர் வேலை என்றான்.
டைல்ஸ் பெட்டி சுமக்கிறான் வதூது.
உருண்டை நின்ற இடத்தைச் சொல்லும்போது
இப்போதும் சிரிப்பு வந்துவிடுகிறது அவனுக்கு.

என் கதை சின்னது.
கேபிள் விற்கிறேன்.
போன வருடம் கிரிதரன் என்று ஒருவர் வந்தார்.
கண்ணாடிக் கதவு, புதுப் பெயர்ப்பலகை,
போனால் கஹ்வாவும் பேரீச்சம்பழமும்.
முதல் இரண்டு மாதம் ரொக்கம்.
மூன்றாவது மாதம் நாலு லாரிச் சரக்கு,
தொண்ணூறு நாள் தள்ளித் தேதி போட்ட ஒரு செக்.
எண்பத்தெட்டாம் நாள் போய்ப் பார்த்தேன்.
பலகை இருந்த இடத்தில் பசைத் தடம்,
உள்ளே தரையில்
ஒரு தட்டில் இரண்டு கொட்டை.

மாதம் முந்நூறு திர்ஹம் என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள்.
இன்னும் இருபத்தாறு மாதம் இருக்கிறது.

சொல்ல வெட்கம்தான்.
இந்த ஊரில் ஒன்பது வருடத்தில்
"சாப்பிட்டீங்களா" என்று என்னைக் கேட்டுவிட்டு
பதிலுக்குக் காத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.
மகளுக்குப் பத்தாம் வகுப்பு என்று
எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன்.
கணக்குப் பரீட்சை முடிந்த மதியம் போன் வந்தது.
"பாப்பா எப்படி எழுதினாளாம்?"
அன்று பரீட்சை என்பதே
எனக்கு மறந்துபோயிருந்தது.

அதனால் நான் கதையைப் பார்ப்பதில்லை.
அவன் கண்ணைப் பார்க்கிறேன்.
எந்த இடத்தில் பொய் உள்ளே வருகிறது?
விதவையின் முழங்கால் வலியைக் கேட்கிறான்,
செத்த நாயின் பெயரைக் கேட்கிறான்.
கேட்கும்போது நிஜமாகத்தான் கேட்கிறான்.
கையில் இருக்கும் அசலைப் போட்டுத்தான்
அந்த வியாபாரமும் நடக்கிறது போல.

எட்டரைக்கு நிறுத்துவோம். ஊரில் மணி பத்து.
அவரவர் போனோடு அவரவர் சுவர்.
ஜெபமணி ஜன்னலை ஒட்டி நிற்கிறான்,
கட்டில்கள் சட்டத்துக்குள் வராத ஒரே இடம் அது.
"வெயிலா? எனக்கென்னம்மா, ஆபீஸ் வேலைதானே"
என்கிறான் வதூது
பிளந்த விரல்களைத் திரைக்குக் கீழே மடக்கிக்கொண்டு.
ஒருதரம்கூட இமைக்கவில்லை.
மழை ஊர்க்காரன் இவனிடம் பாடம் கேட்கலாம்.
இதற்கு நாங்கள் கைதட்டுவதில்லை,
குழம்பை இறக்கி வைக்கிறோம்.

மொத்தம் பத்துப் பாகம்.
ஒன்பதோடு எப்படியோ நின்றுவிடும்.
ஒருவனுக்குத் தலைவலி, ஒருவனுக்கு நைட் டியூட்டி,
அடுத்த வாரம் வேறொரு திருடன்.
பத்தாவதில் போலீஸ் வரும், எல்லா விளக்கும் எரியும்,
கோட்டுக் கழற்றிய பிறகு
அவனும் வரிசையில் நிற்கிற ஆள்.

போன வாரம் எல்லோரும் தூங்கியபின்
நான் மட்டும் பார்த்தேன், சத்தத்தை அணைத்துவிட்டு.
விலங்கு பூட்டுகிறார்கள்.
பூட்டும் காவலரை நிமிர்ந்து பார்த்து
அவன் ஏதோ கேட்கிறான்.
கீழே அரபியில் எழுத்து ஓடியது,
ஒன்பது வருடமாகியும் எனக்குப் படிக்க வராத எழுத்து.
காவலர் கை ஒரு கணம் நின்றது.

சாப்பிட்டீங்களா என்றுதான்
கேட்டிருக்க வேண்டும்.