பதினான்காம் தடை

டியோன் அளவுகோலோடு வந்தார்.
உயரம் ஒரு மீட்டர் பத்து, மேலே அகலம் ஒன்று நாற்பது,
ஒரு விரல் கூடினாலும் ரம்பத்தோடு வருவேன் என்றார்.
மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம், மிஸஸ் பெருமாள்.
கொஞ்சம் டர்பன்தனமாக இருக்கட்டும்.

டர்பன்தனம் எந்தக் கடையில் கிடைக்கும்?
பத்தாம் தடையில் ஏற்கெனவே ஒரு சுறா.
பன்னிரண்டில் கரும்பு லாரி.
யோசித்துக்கொண்டே மதியச் சாப்பாட்டைப் பிரித்தேன்,
விடை மடியில் இருந்தது, சூடாக.

அரை ரொட்டியைக் குடைந்து
ஆட்டுக்கறிக் குழம்பு நிரப்பி
தோண்டிய சதையையே மூடியாக வைத்தது.
பன்னி சௌ.
இதில் முயலும் இல்லை,
நாம் திட்டும்போது சொல்கிற பன்னியும் இல்லை.

சிபோனெலோ பைன் பலகைகளை அறுத்தான்.
முன் விளிம்பை உருட்டித் தேய்த்தான்,
முழங்கால் பட்டாலும் கிழியாதபடி.
பிறகு தன் முழங்காலையே மோதிப் பார்த்து
சரி என்றான்.

பேக்கரி வண்டிகளுக்குப் பதினெட்டு வருடம் எழுதியவள் நான்.
ரொட்டியின் தோல் கைக்கு வரும், கண் மூடி.
குழம்புதான் படுத்தியது.
எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்குமே, அந்தச் சிவப்பு.
மூன்று நாள் குழைத்தேன்.
நான்காம் நாள் குதிரை டாக்டர் ஃபெரேரா எட்டிப் பார்த்து
வாசனை வருகிறது என்று சிரித்துவிட்டுச் சொன்னார்:
குதிரைக்குச் சிவப்பு கிடையாது.
பச்சையும் அதற்கு அதே மங்கல்தான்.
நீலம் தெரியும், மஞ்சள் தெரியும்.

அப்போது நான் யாருக்குச் சமைத்தேன்?

இன்னொன்றும் சொன்னார், வண்டியில் ஏறியபடி:
தாவுகிற கடைசி நொடியில்
மூக்குக்கு நேர்முன் இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது.
மூன்று எட்டு முன்னால் பார்த்ததைத்தான் தாண்டும்.

அன்றிரவு
அடிப்பலகையைச் செய்தித்தாளாக்கினேன்,
ரொட்டியைச் சுற்றிவரும் கசங்கல் தாள், வெள்ளைவெளேரென்று,
தரை எங்கே தொடங்குகிறதென்று குதிரை கணிக்க.
பொடி எழுத்தில் வானிலை, மீன் விலை,
சேட்ஸ்வொர்த்தில் தண்ணீர் நிற்கும் நேரம்.
உருளைக்கிழங்கை மஞ்சளாக்கினேன், நன்றாகவே மஞ்சளாக.
மேல்தளத்தில் ஒரே ஒரு பிரிஞ்சி இலை.
தரையில் நிற்பவர் யாருக்கும் அது தெரியாது.

சனிக்கிழமை ஷாங்வேனியில் பனி இறங்க மறுத்தது.
வலப்பக்கம் சிவப்புக் கொடி, இடப்பக்கம் வெள்ளை,
நடுவே என் ரொட்டி ஆவி விடுவதுபோல் நின்றது.
ஒன்பதாவது குதிரை முரண்டு பிடித்தது.
நெஞ்சு கழன்று விழுந்தது எனக்கு.
பார்த்தால் அதன் கண் ரொட்டியில் இல்லை,
நடுவர் மடியில் விரித்திருந்த நீலக் குடையில்.
குடையை மடக்கச் சொன்னார்கள்.
அது இரண்டாம் முறை பறந்தது.

பறக்கிறவர்களும் இலையைப் பார்க்கவில்லை.
அவர்கள் கழுத்து அதற்குள் பதினைந்தாம் தடைக்குத் திரும்பியிருக்கும்.
ஒரு ஹடடா பறவை மட்டும் மேலே போய்
ஏதோ சத்தம் போட்டது.
பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசிக்கு முன்னால் சமுகெலேயின் செம்பழுப்புப் பெண்குதிரை.
சற்றே தாமதம், பின்னங்கால் லாடம்
ரொட்டியின் மேல்முனையில் உரசியது.
படார்.
விழவில்லை. ஓடியே போய்விட்டது,
அவள் கழுத்தைத் தட்டிக்கொடுப்பது மட்டும் தெரிந்தது.

கிட்டப் போனேன்.
ஒரு சாண் நீளத்துக்குத் தோல் உரிந்து
உள்ளே பைன் மரத்தின் வெளிர் சதை,
ஈரமாய், நார்நாராய்.
ரொட்டியின் உட்புற நிறம்.
ஐந்து டப்பா வீணாக்கியும் எனக்கு வராத நிறம்.

நாளைக்கு இன்னொரு பந்தயம், பூசிவிடுங்கள் என்றார் டியோன்.
சிலாம்பை மட்டும் உப்புத்தாளால் தேய்த்தேன்.
அவர் பார்த்தார். அளவுகோலை வைத்தார்.
ஒரு மீட்டர் பத்து, ஒரு மயிரிழை குறைவு.
ஒன்றும் சொல்லவில்லை.

பசிக்கிறது என்றான் சிபோனெலோ,
காலையிலிருந்து இதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.