கன்று இழுக்கும் நேரத்தில் கிரான்யாவுக்கு

ரோஸ்காமனில் மழை. அதிகாலை மூன்று மணி.
தோள்வரை கை பசுவுக்குள் இருக்கும்போதா கேட்பாய்,
பண்ணையா, கால்நடை மருத்துவமா என்று?

கயிற்றைப் பிடி. அது முக்கும்போது மட்டும் இழு.

எனக்காக எல்லாக் கொட்டகையிலும் விளக்கெரியும்.
ஊசி, கையெழுத்து, எண்பது யூரோ,
கை கழுவ ஒரு வாளி வெந்நீர்.
பிழைத்ததா என்று
பலமுறை தெரியாமலே போயிருக்கிறேன்.

உன் அண்ணன் டெக்லனுக்கோ
இதன் தாயைத் தெரியும், அதன் தாயையும்.
வங்கி எந்தக் கிழமை கூப்பிடும் என்பதும்.

இதோ குளம்பு. மூக்கு.
நாக்கு நீலம்.
வைக்கோலால் தேய், அழுத்தி.

மூச்சில்லை.

அடுத்த பண்ணையிலிருந்து போன் அடிக்கிறது.
பசு திரும்பி நக்க வருகிறது.
பையை மூடிவிட்டேன், கிரான்யா.
நீ இன்னும் தேய்க்கிறாய்.