பழக்காத எருது

மோங்கு நீதிமன்றத்தின் தகரக் கூரையில் மழை.
நீதிபதி இமாசிகு ஒவ்வொரு வாக்கியத்தையும்
இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது.
மூன்றாம் முறை நான், லோசி மொழியில்.
மொழிபெயர்ப்பாளனுக்கு நாள்கூலிதான்,
சொல்லுக்கு இவ்வளவு என்று கிடையாது.

நமக்காவு பட்ட கடன்
நான்கு வலை, பாதிப் படகு.
வலைகளை சாம்பெசி வெள்ளம் கொண்டுபோயிற்று.
படகின் மறுபாதி
கடன் கொடுத்த முண்டியாவுடையது.

தீர்க்காதவரைச் சிறைக்கு அனுப்பலாம்
என்கிறது பழைய சட்டம்.
அவளுடைய வக்கீல், கோட்டு நனைந்த இளைஞன்,
ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டினான்.
நாடுகள் கூடி எழுதியது, நம் நாடும் ஒப்பியது,
பதினோராம் பிரிவு, ஒரே வரி:
கடனைத் தீர்க்க முடியாமை ஒன்றுக்காகவே
எவரையும் சிறையிலிடலாகாது.

முண்டியாவின் வக்கீல் எழுந்தார்.
ஒப்பியது உண்மை,
நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கவில்லையே.
அடுத்து அவர் சொன்ன ஆங்கிலச் சொல்லை
எங்கள் ஊரில் மாடுகளுக்குத்தான் வைத்திருக்கிறோம்.
வாய்க்கு வந்ததைச் சொன்னேன்:
"அந்தத் தாள் இன்னும் பழக்காத எருது.
நுகத்தில் பூட்ட முடியாது."

நமக்காவு என்னைப் பார்த்துக் கேட்டாள்.
"யார் பழக்கவேண்டியது?"
நாடாளுமன்றம்.
"எத்தனை வருஷமாய்க் கட்டியே போட்டிருக்கிறார்கள்?"
அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன்.
தட்டச்சுக்காரி கையை எடுத்துவிட்டாள்.
மழை மட்டும் அடித்தது.

சாப்பாட்டுக்குப் பின் தீர்ப்பு.
"எருதைப் பூட்ட எனக்கு அதிகாரம் இல்லை"
என்றார் இமாசிகு.
(என் உளறல் பதிவேட்டில் ஏறிவிட்டது.)
"ஆனால் பழைய சட்டம் 'அனுப்புக' என்னவில்லை,
'அனுப்பலாம்' என்றது.
அந்த 'லாம்' இரண்டு பக்கமும் திறக்கிற கதவு.
எந்தப் பக்கம் தள்ளுவதென்று யோசிக்கையில்
என் நாடு எங்கே கையெழுத்துப் போட்டிருக்கிறதென்று
தெரியாததுபோல் நான் நடிக்க வேண்டியதில்லை."

அந்த 'லாம்' என்பதை லோசியில் எப்படிச் சொன்னேன்
என்று கேட்காதீர்கள்.
அவளுக்குப் புரிந்தது.

சிறை இல்லை. கடன் அப்படியே.
மாதம் இருநூறு குவாச்சா, மீன் வரும் மாதங்களில்.

அடுத்தது மாட்டுத் திருட்டு வழக்கு,
மொழிபெயர்க்கச் சுலபம்.
கூப்பிடும்வரை ஜன்னலருகே நின்றேன்.
கீழே கால்வாயில் ஒரே ஒரு படகு.
முண்டியா முன்பாதியில், அவள் பின்பாதியில்.
இருவருக்கும் ஒரே ஊர்.
தண்ணீர் இறைக்கும் டப்பா
கைமாறிக்கொண்டிருந்தது.