இணைப்பு நான்கு

இரண்டாயிரத்து நாற்பத்து மூன்றில்
கல்லூரிக்கு வரப்போகிறவர்கள்
ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள்.
மொன்டானாவின் பிறப்புப் பதிவேட்டில்
இன்னும் பல் முளைக்காமல் கிடக்கிறார்கள்.
கெஞ்சினாலும் ஒருவர் கூட மாட்டார்கள்.

ஹெலினாவில், வெப்பக்குழாய் முனகும் அறையில்
டெல்மர் ஸ்டால் கோடு இழுக்கிறார்.
ஆற்றோர வளாகம்:
அந்த வட்டாரத்திலேயே பதினொரு குழந்தை.
"மூடிவிடலாம்" என்று யாரும் சொல்லவில்லை.
"மறுசீரமைப்பு" என்று தட்டச்சு செய்தேன், நான்தான்.
அந்தச் சொல்லைக் கீறினால் ரத்தம் வராது.

மார்ச்சில் அங்கே போனேன்,
கூரை ஒழுகலைக் கணக்கெடுக்க.
பதிவு மேசையில் பனிச்சேறு சொட்டும் பூட்ஸோடு
ஆர்டித் க்வாம்மே, வயது அறுபத்திரண்டு.
சரளைக்கல் லாரிகளின் எடைமேடையில்
நாற்பது வருடம் உட்கார்ந்தவள்.
நிலவியல் படிக்க வேண்டுமாம்.
ஏன் என்றதற்கு,
"இவ்வளவு காலம் எதை நிறுத்தேன் என்று
தெரிய வேண்டாமா?"

அவள் பிறந்த ஆண்டுக்கு
எங்கள் அட்டவணையில் பத்தியே இல்லை.

திரும்பும் வழியெல்லாம் வெள்ளைச் சமவெளி.
மறுநாள் இணைப்பு நான்கின் அடிக்குறிப்பில்
ஒரு வரி சேர்த்தேன்.
டெல்மர் அதை நீக்கவில்லை;
எழுத்தின் அளவை மட்டும்
கொஞ்சம் குறைத்தார்.